ஒலிபெருக்கியில் குற்றமில்லை

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் எவர் மேடை போட்டாலும் ஸ்பீக்கர் அச்சிமுகம்மதுவுடையதாகத்தான் இருக்கும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சுயேச்சை, மீலாத் விழா, கலியாண வீடு, மாடு காணாமற்போன அறிவித்தல், எல்லாவற்றுக்கும் அதே இரண்டு ஹோர்ன், அதே அம்பிளிபயர், அதே மைக். இருபது வருடமாக அவர் கேட்காத அரசியல் பேச்சில்லை. ஆனால் அவரிடம் போய், அண்ணனுக்குச் சொல்லும் 'காக்கா' போட்டு, "நேத்து மந்திரி என்ன காக்கா கதைச்ச?" என்று கேட்டுப் பாருங்கள். "கொஞ்சம் மூக்கால கதைக்கிறார். அடித்தொனியக் கூட்டிக் குடுத்தன்" என்பார். அவ்வளவுதான். அவர் கணக்கில் நல்ல தலைவர் என்றால் மைக்கை ஒரு சாண் தள்ளி நின்று பேசுகிறவர். கெட்ட தலைவர் என்றால் மைக்கை ஈரமாக்குகிறவர்.

"சத்தம் என்ட பொறுப்பு, கதை அவங்கட பொறுப்பு" என்று அடிக்கடி சொல்லுவார். கல்முனைக்குடி வீட்டில் அவருடைய மனைவி ஸைனம்புவுக்கு இதில் தனிப்பட்ட முறைப்பாடு ஒன்று உண்டு. மைதானத்தின் மறு கோடியில் ஒரு வயர் உரசினால் இந்த மனிசனின் காதுக்குக் கேட்கும். பக்கத்தில் நின்று தேங்காய் வாங்கி வரச் சொன்னால் கேட்காது.

அந்த நாட்களில் உதுமாலெவ்வை என்று ஒருவர் தலையெடுத்தார். எழுபத்தேழுத் தேர்தலில் சுயேச்சையாக நின்று, கட்டுக்காசையும் இழந்து, அதற்குப் பிறகுதான் மக்களை உண்மையாக நேசிக்கத் தொடங்கியவர். மேற்கே வயற்காணிகளுக்குப் பேமிற் என்ற அனுமதிப் பத்திரம் கிடைக்காமல் சனம் வருடக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தது. அது மெய்யான வயிற்றெரிச்சல்தான். அந்த எரிச்சலுக்கு எண்ணெய் வார்க்க உதுமாலெவ்வை 'விடிவுச் சேனை' என்ற ஒன்றை ஆரம்பித்தார். சேர்ந்த வாலிபர்களுக்குச் சட்டையில் குத்த ஒரு வில்லை கொடுத்தார். தனக்குத் 'தளபதி' என்று பேர் வைத்துக்கொண்டார். ஊர் வழக்கில் காடு வெட்டிப் பயிர் போடுகிற நிலத்துக்கும் சேனை என்றுதான் பேர்; குசும்புக்காரருக்குப் பஞ்சமா? "சேனையில என்ன தம்பி போட்டிருக்கீங்க, சோளனா கச்சானா?" என்று வில்லை குத்திய பொடியன்களைச் சந்தையில் மறித்துக் கேட்டார்கள். பொடியன்கள் முறைத்தார்கள். ஸைனம்புவின் மூத்த சகோதரி றபீக்கா ராத்தாவின் மகன் மஜீட்தான் எல்லாரையும்விடக் கூட முறைத்தான். அவனுக்கு இருபது வயது. முறைப்பதைத் தவிர வேறு வேலையும் அப்போது இருக்கவில்லை.

எண்பதாம் ஆண்டு, ஒரு போயாப் பௌர்ணமிக்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, சந்தாங்கேணி மைதானத்தில் சேனையின் கூட்டம். ஸ்பீக்கர் வழக்கம்போல அச்சிமுகம்மது. தளபதி மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தார். மைக்குக்குச் சுற்றிக் கட்டியிருந்த கைலேஞ்சி ஐந்தே நிமிடத்தில் நனைந்துவிட்டது.

"இந்த அரசாங்கம் நமக்கு அரசாங்கமில்லை!" என்று தளபதி முழங்கினார். "நாளையிலிருந்து சேனைதான் அரசாங்கம்! சேனை சொல்வதுதான் சட்டம்! காணிக் கந்தோரை எரியுங்கள்!"

சனம் ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பில் பேச்சு அமுங்கப் பார்த்தது. அச்சிமுகம்மதுவின் கை தன்பாட்டில் அம்பிளிபயரின் குமிழைப் பிடித்து இரண்டு கோடு கூட்டியது.

மறுநாள் போயா விடுமுறை. காணி அலுவலகமான அந்தக் கந்தோர் பூட்டியிருந்தது. நண்பகலில் ஆறு வாலிபர்கள் மண்ணெண்ணெய்ப் போத்தலுடன் போனார்கள். அரை மணித்தியாலத்தில் கூரை இறங்கிவிட்டது. உள்ளே ஆள் இருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஆனால் காவல்காரர் முகம்மது தம்பி இருந்தார். நற்பிட்டிமுனைக்காரர், ஐம்பது வயது. அவர் வெளியே ஓடிவந்தவர், திரும்ப உள்ளே ஓடி, கோவைகளை அள்ளி அள்ளி வெளியே எறிந்தார். கடைசித் தடவை வந்தபோது இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தன.

பின்னேரத்துக்குள் ஆறு பேரும் பிடிபட்டார்கள். மஜீட் தன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்தான். நெஞ்சில் வில்லை அப்படியே இருந்தது. சட்டம் சேனையுடையது ஆகிவிட்டது என்று நம்பியவன் ஏன் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தான் என்று பொலிஸ்காரர் கேட்டார்.

தளபதி மூன்றாம் நாள் ஓர் அறிக்கை விட்டார். தீ வைத்தவர்களைத் தனக்குத் தெரியாது. விடிவுச் சேனை என்பது வாசிப்பை வளர்க்கும் சங்கம். தான் அன்று சொன்னது, "காணிக் கந்தோரை அறியுங்கள்" என்பதே. அதாவது, கந்தோரின் நடைமுறைகளைக் கற்றறியுங்கள். ஒலிபெருக்கி பழசு, அதில் 'அறியுங்கள்' என்பது 'எரியுங்கள்' என்று கேட்டுவிட்டது. எல்லாப் பழியும் அந்த ஒலிபெருக்கியையே சாரும்.

அறிக்கையைப் பேப்பரில் படித்துக் காட்டியவள் மகள் நதீரா. அச்சிமுகம்மது இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு எழும்பிப் போய் அம்பிளிபயரின் மூடியைக் கழற்றினார். எங்கும் ஒரு குறையும் இல்லை. திரும்பப் பூட்டினார். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் கழற்றினார்.

ஊர் விட்டுவைக்குமா? அடுத்த வாரம் ஒரு கலியாண வீட்டுக்காரர் வந்து தலையைச் சொறிந்தார். "காக்கா, குறை நினைக்கக் கூடாது. மாப்பிள்ளட பேர் அன்வர். உங்கட ஸ்பீக்கர்ல அது என்னமாக் கேக்கும் எண்டு பொண் வீட்டார் யோசிக்கிறாங்க." பள்ளிவாசல் கந்தூரிக்கு மருதமுனையிலிருந்து வேறு ஸ்பீக்கர் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எச்சிமுகம்மது! எச்சிமுகம்மது!" என்று கத்திவிட்டு ஓடின. 'அ' என்பது 'எ' ஆகும் என்றால் அந்தப் பேர் வேறெப்படி வரும்? ஸைனம்பு கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "சவங்கள், பேசாம விடுங்க" என்றாள்.

ஆறு பேரும் மட்டக்களப்புச் சிறையில் மறியலில் இருந்தார்கள். ஒரு நாள் றபீக்காவைக் கூட்டிக்கொண்டு அச்சிமுகம்மது பார்க்கப் போனார். மஜீட் மெலிந்திருந்தான். உம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவள் கண்ணைத் துடைக்கும் நேரம் பார்த்து மெல்லக் கேட்டான்.

"சாச்சா, தளபதி எங்களத் தெரியா எண்டு செல்லிட்டாராம். மெய்யா?"

"மெய்தான்."

"என்ட வில்லைய அவர் கையாலதான் குத்தின" என்றான் மஜீட்.

தளபதியைச் சட்டம் தொடாது என்றுதான் ஊர் நினைத்தது. ஆனால் ஒரு நாள் கொழும்பிலிருந்து, வழக்குத் தொடரலாம் என்று, அரசின் தலைமை வழக்கறிஞரான சட்டமா அதிபரின் அனுமதிக் கடிதம் வந்தது. வர ஏழு மாதம் எடுத்தது. அரசாங்கத்துக்கு எதிராகச் சனத்தைத் தூண்டிய குற்றம். ஊர் வாயில் அது 'ராசதுரோகம்'. உதுமாலெவ்வை முதலாம் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் முதல் ஆள். அவருடைய சேனை ஒரு சங்கமா சதியா என்பதும் விசாரிக்கப்படும். அச்சிமுகம்மதுவுக்குச் சாட்சிக் கட்டளை வந்தது.

கட்டளை வந்த மறுநாளே தளபதியின் வலக்கையும் வழக்கில் இரண்டாம் எதிரியுமான அப்துல் ஸமட் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சாரமும் மலர்ந்த முகமுமாக, சுகம் விசாரித்து, தேத்தண்ணி குடித்து, பிறகுதான் விசயத்துக்கு வந்தார்.

"பெரிய விசயம் ஒண்டுமில்ல காக்கா. அண்டைக்கு மிசின் கொஞ்சம் கரகரத்த எண்டு செல்லுங்க. மிசின் எண்டா கரகரக்கும்தானே? மனிசனுக்கே தடிமல் வருகுது."

"என்ட மிசின் கரகரக்கல்ல."

"செல்லுறதால உங்களுக்கு என்ன குறையப்போகுது? நாளைக்குத் தளபதி பாராளுமன்ற மெம்பராகினா, இஞ்சிருந்து பொத்துவில் மட்டும் எல்லா மேடையும் உங்கட ஸ்பீக்கர்தான்."

"கரகரக்கிற மிசின என்னத்துக்குத் தம்பி பொத்துவில் மட்டும் கொண்டு போற?" என்றார் அச்சிமுகம்மது.

ஸமட் எழும்பினார். கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அவரை அப்படி மடக்கி அனுப்பினாலும் அச்சிமுகம்மதுவுக்கு நெஞ்சுக்குள் ஒன்று உறுத்தியது. மிசினில் பிழையில்லை என்று நிரூபிக்க ஒரு சாட்சி வேண்டும். தூரத்தில் நின்று கேட்ட ஆள் யார் என்று யோசித்தார். யோசித்து யோசித்து, மைதானத்துச் சத்தம் எட்டும் தூரத்திலிருந்த நற்பிட்டிமுனைக்குச் சைக்கிளை மிதித்தார்.

காவல்காரர் முகம்மது தம்பி முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். கைகள் ஆறியிருந்தாலும் விரல்கள் மடங்கவில்லை. மனைவி ஹாஜறா பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அச்சிமுகம்மது தன்னை அறிமுகப்படுத்தினார்.

"ஓ, ஸ்பீக்கர்க்காரரா!" என்றார் முகம்மது தம்பி. "உங்கட ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். அண்டைக்குக் காத்து இஞ்சால வீசின. இந்த முத்தத்தில இரிந்தே கேட்டன். சொல்லுக்குச் சொல் வடிவாக் கேட்ட."

இருபது வருடத்தில் இப்படி ஒரு புகழ்ச்சி அச்சிமுகம்மதுவுக்குக் கிடைத்ததில்லை. முகம் மலர்ந்தது. முகம்மது தம்பி தொடர்ந்தார்.

"எரியுங்கள் எண்டு கேட்டதாலதான் லீவு நாளும் வேலைக்குப் போனன். என்ட பேமிற் கோவையும் அதுக்குள்ளதானே கிடந்த."

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. ஹாஜறா ஊட்டிய பாணை முகம்மது தம்பி மென்றுகொண்டிருந்தார். அச்சிமுகம்மது அன்றைக்குச் சைக்கிளில் ஏறவில்லை. வயல் வரம்பைப் பார்த்தபடி கல்முனை வரை உருட்டிக்கொண்டே வந்தார்.

வழக்கு நாளில் நீதிமன்றக் கோட்டு வளவில் நிற்க இடமில்லை. நீதவான் சிங்களவர், தமிழ் கேட்டால் ஓரளவு விளங்கும், பேச வராது. அவருக்கு மொழிபெயர்க்கிறவர் பாண்டிருப்பைச் சேர்ந்த குணம். மெலிந்த தேகம், அதைவிட மெலிந்த குரல். தளபதிக்காக வாதாடக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய சட்டத்தரணி வந்திருந்தார். சேனை ஒரு வாசிப்புச் சங்கம் என்று அவர் அரை மணித்தியாலம் விளக்கினார்.

"சங்கத்தில் எத்தனை புத்தகங்கள் இருந்தன?" என்று நீதவான் குணத்தின் வாயால் தளபதியைக் கேட்டார்.

தளபதி சட்டத்தரணியைப் பார்த்தார். சட்டத்தரணி கூரையைப் பார்த்தார். பொலிஸார் கைப்பற்றிய ஒரேயொரு புத்தகம் மேசையில் இருந்தது. உறுப்பினர் பதிவுப் புத்தகம். அதில் ஆறு வாலிபர்களின் பேரும் இருந்தது. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் 'தளபதி' என்ற கையெழுத்தும் இருந்தது.

பிறகு அச்சிமுகம்மது சாட்சிக் கூட்டில் ஏறி, அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டார். சட்டத்தரணி நேரே மிசினுக்குப் போனார். எத்தனை வயது? எத்தனை தடவை திருத்தியது? 'அ' என்று சொன்னால் 'எ' என்று கேட்க வாய்ப்பே இல்லையா?

"இல்ல, சேர். நம்பாட்டி மிசின் வெளிய மாட்டுக் கரத்தையில இரிக்கி. கட்டிக் காட்டுறன்."

கோட்டுச் சனம் சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, கட்டச் சொன்னார்.

வளவு வாகை மரத்தில் ஹோர்ன் ஏறியது. சட்டத்தரணியும் கோட்டில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதரும் சந்தை முகப்பு வரை போய், ஆளுக்கொரு கடதாசியுடன் நிற்க வேண்டும். நீதவான் ஒரு தாளில் சொற்களை எழுதுவித்துக் குணத்திடம் கொடுப்பார். குணம் மைக்கில் வாசிப்பார். கேட்டதை அவர்கள் எழுத வேண்டும். குணம் வாழ்நாளில் மைக்கைத் தொட்டவரல்ல. அச்சிமுகம்மது அவருடைய தோளைப் பிடித்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். "இஞ்ச நில்லுங்க. துப்பாதிங்க."

குணம் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலே பாண்டிருப்பு வரை போனது. தன் குரலின் அளவைக் கண்டு அவரே ஒரு கணம் திகைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எவன்!" என்றார். "அவன்! எங்கே! அங்கே! எது! அது! எரி! அறி!"

சந்தையில் கலவரம். எவனையோ பொலிஸ் தேடுகிறது, அவன் அங்கே நிற்கிறான் என்று சனம் எடுத்துக்கொண்டது. மீன் பக்கத்தில் ஒருவர் தராசைப் போட்டுவிட்டு ஓடினார். எதற்கு ஓடினார் என்பது இன்றுவரை தெரியாது. குணம் தாளை முடித்தும் நிறுத்தவில்லை. நீதவான் கையைக் காட்டியும் காணாதவர்போல முதலிலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்கினார். அச்சிமுகம்மதுதான் குமிழைத் திருகி அணைத்தார்.

இரண்டு கடதாசியும் வந்தன. லிகிதர் எழுதியது அத்தனையும் சரி. சட்டத்தரணி எழுதியதும் அத்தனையும் சரி. பாவம், நேர்மையான மனிசன்.

ஆனாலும் அவர் விடவில்லை. அச்சிமுகம்மதுவைத் திரும்பக் கூட்டில் ஏற்றினார்.

"அப்படியென்றால், 'எரியுங்கள்' என்று சொன்னது உமக்கும் தெளிவாகக் கேட்டது?"

"ஓம், சேர்."

"கேட்டதும் என்ன செய்தீர்?"

அச்சிமுகம்மது கூட்டின் மரச்சட்டத்தைப் பிடித்தார். கோட்டின் மூலையில் விரல் மடங்காத கைகளை மடியில் வைத்துக்கொண்டு முகம்மது தம்பி இருந்தார்.

"கூட்டினன்."

"எதை?"

"சத்தத்த. ரெண்டு கோடு. சனம் கத்தின, கதை அமுங்கப் பாத்த. கேக்கவைக்கிறது என்ட தொழில்."

"ஆக, நீரும் குற்றவாளி!" சட்டத்தரணி சபையைச் சுற்றிப் பார்த்தார்.

"இரிக்கலாம், சேர்" என்றார் அச்சிமுகம்மது. "இவ்வளவு நாளும் கதை என்ட பொறுப்பில்ல எண்டு செல்லித் திரிஞ்சன். அது பிழை. எழுதிக்கொள்ளுங்க. ஆனா அவர் செல்லாம நான் எதைக் கூட்டுற?"

குணம் இதை மொழிபெயர்க்கச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டார். நீதவான் முழுவதையும் தன் கையால் எழுதினார். தளபதி முதன்முறையாகத் தலையைக் குனிந்திருந்தார்.

தீர்ப்பு எண்பத்தொன்றில் வந்தது. தீக்குச்சியைக் கிழித்தவனை மறியலில் வைத்துவிட்டு, கிழிக்கச் சொன்னவனை மேடையில் விட முடியாது என்று நீதவான் எழுதியிருந்தார். காணிப் பேமிற் கேட்பது குற்றமல்ல, அதைக் கேட்ட சனத்தின் கையில் நெருப்பைக் கொடுத்ததே குற்றம் என்றும் எழுதியிருந்தார். உதுமாலெவ்வைக்கு இரண்டு வருடம். பதிவுப் புத்தகம் வைத்திருந்த அப்துல் ஸமட்டுக்கு ஆறு மாதம். தீ வைத்த ஆறு பேரும் குற்றத்தை ஒத்துக்கொண்டதால், மறியலில் இருந்த காலத்தோடு இன்னும் சில மாதம். அச்சிமுகம்மது மேல் வழக்கில்லை. ஆனால் நீதவான் அவரை எழுப்பி நிறுத்தி, குமிழைத் திருகுகிற கைக்கும் காது வேண்டும் என்று சொன்னார். அதைக் குணம் தேவைக்கு மேல் உரக்க மொழிபெயர்த்தார்.

வழக்கு முடிந்ததும் கலியாண வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். "கோட்டில சரி பாத்த ஸ்பீக்கர்" என்று அதற்கு ஒரு மவுசு. பிள்ளைகள் மட்டும் புதுப் பேரை விடவில்லை. அது இனிப்பாக இருந்ததே. மஜீட் வெளியே வந்து முதல் வாரமே நற்பிட்டிமுனைக்குப் போனான். வாசலில் நின்று அழுதான் என்று ஹாஜறா சொன்னாள். முகம்மது தம்பி அவனைத் திட்டவுமில்லை, தட்டிக்கொடுக்கவுமில்லை. "என்ட வரம்பு உடைஞ்சு கிடக்கு, போய்க் கட்டு" என்றார். அந்தப் போகமும் அடுத்த போகமும் அவருடைய வயலை மஜீட்தான் பார்த்தான். நெருப்பிலிருந்து காப்பாற்றிய கோவைகளில் முகம்மது தம்பியுடையது இருக்கவில்லை. மற்ற எத்தனையோ பேருடையது இருந்தது. அவருடைய பேமிற் திரும்பக் கிடைக்க நாலு வருடம் சென்றது.

அச்சிமுகம்மது அதற்குப் பிறகும் எல்லாக் கட்சிக்கும் ஸ்பீக்கர் கட்டினார். ஆனால் இப்போது பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டார். அதனால் வீட்டுக்கு வந்து ஸைனம்புவிடம் ஒவ்வொரு தலைவரையும் பற்றி ஒரு மணித்தியாலம் முறையிட்டார். இதைவிட முந்தின அச்சிமுகம்மதுவே மேல் என்று அவள் சொன்னாள்.

எண்பத்தெட்டில், ஒரு கூட்டத்தில், புதிதாக வந்த ஒரு தலைவர் பக்கத்து ஊர்ச் சனத்தைக் காட்டி, "அவர்களை நாளைக்கே…" என்று தொடங்கினார். சத்தம் நின்றுவிட்டது. தலைவர் மைக்கைத் தட்டினார், ஊதினார், கத்தினார். முன் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. முன் வரிசையில் இருந்ததோ கிழடுகள்.

"என்ன நடந்த?" என்று அமைப்பாளர் ஓடிவந்தார்.

"நான்தான் நிப்பாட்டின" என்றார் அச்சிமுகம்மது. "அவர் கதைய மாத்தட்டும், தாறன்."

தலைவர் கதையை மாற்றி, குளத்துக்கட்டுத் திருத்துவதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். நல்ல தெளிவாகக் கேட்டது.